சுண்ணாம்புக்கு மேலே புல்

செந்துறைப் பக்கம் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது வெகு சீக்கிரம் மண்ணுக்கு அடியில் இறங்கிவிடும். எத்தனை அடியில் சுண்ணாம்புக் கல் தட்டுகிறது, ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, எந்த ஊர் நிலத்தை ஆலைக்காரர்கள் கேட்கிறார்கள், ஏக்கர் என்ன விலைக்குப் போனது என்றுதான் பேச்சு ஓடும். ஆலத்தியூர், தளவாய் என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சிமெண்ட் ஆலையின் புகைபோக்கிதான். அரியலூர் மாவட்டமே சிமெண்டால் அறியப்படுகிற மாவட்டம். கல்லுக்கும் கரிக்கும் மேலே கிடக்கிற ஒரு முழ மண்ணைப் பற்றிய பேச்சு முந்திரி, கடலை, சோளம், பருத்தி என்று பட்டா நிலத்தோடு நின்றுவிடும். உழாத மண், யார் பெயரிலும் இல்லாத மண், ஆடு மாடு மேய்ந்த மண் பேச்சில் வருவதே இல்லை. அந்த மண்ணைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். உலகம் முழுக்கப் பருவநிலைக் கொள்கை பேசுகிறவர்கள் இப்போது மேய்ச்சல் நிலத்தின் மண்ணை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பார்வை செந்துறைக்கும் வந்து சேரும். அது வரும்போது நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

கல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலுக்கு அடியில் இருந்தது. 1862இல் எச். எஃப். பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியின் பாறைகளை விரிவாக எழுதிய காலத்திலிருந்து புவியியல் மாணவர்கள் சுத்தியலோடு இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் படுகையில் கைப்பிடி அளவு தடித்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். அந்தச் சிப்பிகள் கடல்நீரில் கரைந்திருந்த கரிமத்தையும் சுண்ணத்தையும் சேர்த்துத் தமக்கு ஓடு கட்டிக்கொண்டவை. அப்படியானால் அரியலூரின் சுண்ணாம்புப் பாறை முழுவதுமே சேமித்து வைத்த கரிமம்தான். 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். சிமெண்டுக்கான கிளிங்கர் ஒரு டன் ஆக்கும்போது கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குச் சற்று அதிகமாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. உலையை 1,450 டிகிரிக்குக் கொண்டுபோக எரிக்கும் நிலக்கரியின் கணக்கு தனி. நாளைக்கே ஆலை முழுவதையும் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் கல்லிலிருந்து வருவது வந்துகொண்டேதான் இருக்கும். மற்ற தொழில்களைவிட சிமெண்டுக்கு இது பெரிய இக்கட்டு. தன்னால் குறைக்க முடியாததை வேறு எங்காவது ஈடுகட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை இந்தத் தொழிலுக்கு இயல்பாகவே வரும்.

சட்டமும் அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. ஆற்றல் சேமிப்புச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். 2023இல் கரிம வரவு வணிகத் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. 2025இல் சிமெண்ட் உள்ளிட்ட சில தொழில்களுக்கு, ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவுதான் வெளியிடலாம் என்று ஆலைவாரியாக இலக்கு வைத்தார்கள். இலக்கு வைக்கப்படாதவர்களும் தாமாக முன்வந்து வாயுவைக் குறைத்தோ மண்ணில், மரத்தில் சேர்த்தோ அதைப் பதிந்து வரவு பெறும் வழி அதே திட்டத்தில் உண்டு. இதற்கு வெளியே, விருப்பப்பட்ட நிறுவனங்கள் விருப்பப்பட்ட ஊரில் வரவு வாங்கிக்கொள்ளும் உலகச் சந்தை இருக்கிறது. இவற்றில் எதையும் நான் தீயது என்று சொல்லவரவில்லை. இலக்கு வைத்தது அவசியமான வேலை, தாமதமாகச் செய்த வேலையும்கூட. ஆனால் உலை இருக்கிற அதே வட்டத்தில் மேய்ச்சல் நிலமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பேரேட்டில் பற்றாகவும் வரவாகவும் எழுதலாமே என்று யாருக்காவது தோன்றும் நாள் தூரத்தில் இல்லை.

அந்தப் பேரேட்டை எழுதுவதற்கு முன் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், செந்துறைக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஏரிக்கரை ஓரத்து நிலத்தில் கடப்பாறையோடு இறங்கினேன். நிலத்தின் பெரும்பகுதி சீமைக்கருவேலம். ஓரத்தில் மட்டும், அண்மையில் யாரோ விறகுக்கு வெட்டிப்போன இடத்தில், கொழுக்கட்டைப் புல் குத்துக்குத்தாக நின்றது. கருவேலத்துக்கு அடியில் மண் வெளிறிப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. கடப்பாறை பட்டதும் ஓடு ஓடாகப் பெயர்ந்தது, உள்ளே ஈரம் விரல்கடை ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. பத்தடி தள்ளி ஒரு புல்குத்தைச் சுற்றிக் கிளறி மெல்லத் தூக்கினேன். வேரோடு மண் வரவில்லை என்றால்தான் வியப்பு, அவ்வளவு இறுகப் பற்றியிருந்தது. நூல்நூலான வேர்களைச் சுற்றி மண் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு ஒட்டியிருந்தது. உதறினால் உதிரவில்லை. நுனி வேர்கள் அறுந்து குழிக்குள்ளேயே தங்கிவிட்டன. அவை எவ்வளவு ஆழம் போயிருந்தன என்று என் கடப்பாறையால் பார்க்க முடியவில்லை. குழியின் நிறம் மேலே காப்பிக்கொட்டை நிறத்தில் தொடங்கிக் கீழே போகப்போகச் செம்மையானது. மேலே இருந்த அந்தக் கருமைதான் விஷயம்.

பல்லாண்டுப் புல் தன் உழைப்பில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போடுகிறது. வெயிலைக் கொண்டு காற்றிலிருந்து சேர்த்த கரிமத்தை வேராக வளர்க்கிறது, வேர்நுனி வழியாகச் சர்க்கரையாகக் கசியவிடுகிறது. அந்தக் கசிவைத் தின்ன நுண்ணுயிர்கள் வருகின்றன, பூஞ்சை இழைகள் வருகின்றன. அவை செத்து மிஞ்சும் பசைதான் மண்துகள்களை உருண்டையாகக் கட்டுகிறது. உருண்டைக்குள் மாட்டிக்கொண்ட கரிமம் எளிதில் மக்கிக் காற்றுக்குத் திரும்பாது. களிமண் துகளோடு வேதிப்பிணைப்பு ஆகிவிட்டால் இன்னும் நீண்டகாலம் தங்கும். நிலவாழ் உலகின் கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கு புல்வெளிகளில் இருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. காட்டில் தீப்பிடித்தால் மரத்தில் இருந்த கரிமம் புகையாகிவிடும், புல்வெளியில் தீப்பிடித்தால் பெரும்பகுதி வேரடியில் தங்கிவிடும். கலிபோர்னியாவைப் போன்ற வறண்ட, தீப்பிடிக்கிற நிலங்களில் புல்வெளியே நம்பகமான சேமிப்பு என்று டேவிஸில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள்.

இதில் செந்துறைக்கே உரிய ஒரு செய்தி உண்டு, எனக்கு மிகப் பிடித்த செய்தி. சுண்ணச்சத்து நிறைந்த மண்ணில் அங்ககக் கரிமம் கூடுதலாகத் தங்குகிறது. சுண்ண அயனி ஒரு கையால் களிமண்ணையும் மறு கையால் மக்கிய பொருளையும் பிடித்துக்கொள்கிறது. அரியலூர், பெரம்பலூர்க் கரிசலில் ஏர் ஓட்டும்போது கொழுவில் இடறும் வெள்ளைச் சுக்கான் கல் இந்தச் சுண்ணத்தின் அடையாளம். கடலில் கரிமத்தைப் பிடித்து ஓடாக்கிய அதே தனிமம், நிலத்துக்கு வந்த பின்னும் புல்லின் கரிமத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உலைக்குள் போனால் அது தான் பிடித்ததை விட்டுவிடுகிறது.

புல் மட்டும் இருந்தால் போதாது, மேயவும் வேண்டும். ஆடு கடித்த இடத்தில் புல் பக்கத்தூர் விடுகிறது, குளம்பு பட்டு விதை மண்ணில் அமுங்குகிறது, புழுக்கையும் சாணமும் எருவாகின்றன. அளவுக்கு மீறி மேய்ந்தால் புல்லின் வேர் சுருங்கி, கொழுக்கட்டைப் புல் போய் ஊசிப்புல் வந்து, ஊசிப்புல்லும் போய்க் கொழிஞ்சியும் ஆவாரையும் மிஞ்சும். அறவே மேயவிடாமல் அடைத்துவைத்தால் காய்ந்த புல் மேலே மேலே விழுந்து புதுத்தளிரை மூடும், பிறகு முள் ஏறும். இடையில் இருக்கிற அந்த அளவைத் தெரிந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். இந்தப் பக்கத்து செம்மறி திருச்சி கருப்பு, கருங்குறும்பை என்பார்கள். உடல் முழுக்கக் கருத்த சிறிய ஆடு. மேய்ப்பவர்கள் பகலில் தரிசிலும் ஏரிக்கரையிலும் மேய்த்துவிட்டு இரவில் அறுவடை முடிந்த கொல்லையில் கிடை போடுவார்கள். கொல்லைக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். மேய்ச்சல் நிலத்தில் விளைந்ததைப் பட்டா நிலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கிடைதான். மேய்ச்சல் நிலம் போனதோடு கிடையும் அருகிவிட்டது, மூட்டை உரம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

“ரெண்டு மழை புல்ல தொடாம வெச்சிரணும் தம்பி, மூணாவது மழையில ஆட்ட விட்டா அது பாட்டுக்கு வரும்” என்றார் அங்கே ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர். “அதுவரைக்கும் ஆட்ட எங்கங்கய்யா ஓட்டுறது?” என்று கேட்டேன். அவர் சாலையைக் காட்டினார். சாலையோரத்தில்தான் அவருடைய ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிப் போகிற அதே சாலையில்.

மேய்ச்சல் நிலத்தைப் பேணுவதற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை எல்லோரும் காட்டுவார்கள், காட்டத் தக்கதுதான். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றை மேயவிட்டு மற்றதை ஆறப்போடும் முறை. காங்கேயம் மாட்டுக்கு உரம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கொறங்காடு தனியார் நிலம். பட்டா வைத்திருப்பவர் வேலி கட்டுகிறார், தாமே முடிவெடுக்கிறார். செந்துறைப் பக்கத்தில் மேய்ச்சல் என்பது பெரும்பாலும் பொதுநிலம். கிராமத்து ‘அ’ பதிவேட்டில் மேய்க்கால், மந்தைவெளி என்று ஒரு சர்வே எண் இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் அதில் பாதி சீமைக்கருவேலம், ஒரு மூலையில் தைலமரம், ஒரு மூலையில் யாரோ போட்ட முந்திரி, சாலையை ஒட்டி அரசுக் கட்டடம். மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு போன்ற புறம்போக்குகளை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியின் வசம் வைக்கிறது. ஊரின் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. சட்டத்தில் குறையில்லை. அந்த நிலத்தில் புல் இருப்பதை ஒரு பயனாக எந்த அலுவலகக் கணக்கும் எழுதுவதில்லை என்பதுதான் குறை.

கணக்கு எழுதும் முறையைப் பாருங்கள். பாரிஸ் ஒப்பந்தத்துக்காக இந்தியா கொடுத்த வாக்குறுதி, 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்சும் அளவுக்குக் காட்டையும் மரப்பரப்பையும் பெருக்குவது. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவது. இரண்டிலும் புல்லுக்கு இடமில்லை. நாட்டின் வனப்பரப்பை அளக்கும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்று கேட்பதில்லை. அந்த வரையறைப்படி ஏரிக்கரையில் மண்டிய சீமைக்கருவேலம் வனப்பரப்பில் சேரலாம், அதை வெட்டிக் கொழுக்கட்டைப் புல்லை மீட்டால் வனப்பரப்பு குறைந்ததாகவே காட்டும். மரம் நட இடம் தேடும் அதிகாரிக்கு முதலில் கண்ணில் படுவது மேய்க்கால்தான், காலி இடமாகத் தெரிகிறதே. 2005க்கும் 2015க்கும் இடையே நாட்டின் புல்வெளி ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேரிலிருந்து 1.2 கோடி ஹெக்டேராகச் சுருங்கியதாக இந்திய அரசே ஐ.நா.வின் பாலைநிலமாதல் தடுப்பு அமைப்புக்குத் தெரிவித்திருக்கிறது. பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு. காடு இந்த அளவுக்கு அழிந்திருந்தால் நாடே பேசியிருக்கும். மரம் நடுவதற்கு நான் எதிரி இல்லை. வெள்வேலும் வன்னியும் புல்வெளியின் தோழர்கள். ஆனால் குழிக்குக் குழி நெருக்கி நட்ட தைலமரத்துக்கு அடியில் என் கண்ணில் புல்லே பட்டதில்லை.

ஆக, ஒரு கொள்கை புல்லைப் பார்க்கவே இல்லை. இன்னொரு கொள்கை புல்லை விற்பனைச் சரக்காகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டாவதன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் ஓரடி மண் ஏறத்தாழ 4,200 டன் எடை. இந்தப் பக்கத்து மானாவாரி மண்ணில் அங்ககக் கரிமம் அரை விழுக்காட்டைத் தொடுவதே அரிது. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தி, புல்லை மீட்டு, அதை 0.1 விழுக்காடு உயர்த்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அப்படி உயர்ந்தால் சேரும் கரிமம் 4.2 டன், கரியமில வாயுவாகச் சொன்னால் சுமார் 15 டன். இப்போது மறுபக்கம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் கிளிங்கர் சுடும் ஓர் உலையிலிருந்து, கல்லின் வாயு மட்டும் 5 லட்சம் டன்னுக்கு மேல். அந்த ஒரே ஓராண்டுப் புகையை ஈடுகட்ட ஏறக்குறைய 34,000 ஹெக்டேரில் மண்ணின் கரிமம் 0.1 விழுக்காடு உயர வேண்டும். அடுத்த ஆண்டுக்கு இன்னொரு 34,000 ஹெக்டேர். அரியலூர் மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 2 லட்சம் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. வீடு, சாலை, ஏரி, வயல், சுரங்கம் எல்லாவற்றையும் புல்வெளி ஆக்கினாலும் ஆறு ஆண்டுகளுக்குள் மாவட்டம் தீர்ந்துவிடும். உலை அதற்குப் பிறகும் எரிந்துகொண்டிருக்கும். சேர்த்த கரிமமோ ஒரு கோடை உழவில், ஒரு ஆக்கிரமிப்பில் திரும்பப் போய்விடும். 7 கோடி ஆண்டு கல்லுக்குள் இருந்ததை வெளியே விட்டுவிட்டு, பத்தாண்டு புல்வேரில் இருப்பதைக் காட்டி நேர் செய்வது எந்தக் கணக்கிலும் நேராகாது.

ஆட்டின் பக்கமும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஓர் ஆடு ஆண்டுக்கு 5 கிலோ அளவுக்கு மீத்தேன் விடுகிறது என்பது பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு பயன்படுத்தும் பொது மதிப்பு. 100 ஆடுகள் என்றால் அரை டன் மீத்தேன், கரியமில வாயுக் கணக்கில் சுமார் 14 டன். அதாவது ஒரு ஹெக்டேர் மண் பல ஆண்டுகளில் சேர்த்ததை ஒரு மந்தை ஓராண்டில் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். மேய்ச்சல் நிலத்தில் சேரும் கரிமம், மேயும் கால்நடை விடும் வாயுவில் நல்ல சூழலிலும் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும் என்று 2017இல் ஆக்ஸ்போர்டிலிருந்து டாரா கார்னெட் தலைமையில் வெளியான ஆய்வும் சொன்னது. மேய்ச்சல் உலகைக் காப்பாற்றிவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு கருங்குறும்பை மேய்ப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கும் ஒப்ப மாட்டேன். அவருடைய மந்தை புதிதாகச் சேர்ந்ததில்லை. அது விடும் மீத்தேன் அந்த ஆண்டுப் புல்லில் இருந்து வந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்து, மறுபடி புல்லுக்குள் போவது. கல்லுக்குள் இருந்து வருகிற வாயுவோடு அதை ஒரே வரியில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கணக்கு இப்படி இருந்தும் சந்தை புல்வெளியைத் தேடிப் போகத்தான் செய்கிறது. கென்யாவின் வடக்கே போரானா, சம்புரு, ரெண்டில் இன மக்கள் மாடும் ஒட்டகமும் ஓட்டித் திரிந்த ஏறத்தாழ 19 லட்சம் ஹெக்டேரில், மேய்ச்சலை ஒழுங்குபடுத்தி மண்ணில் கரிமம் சேர்க்கிறோம் என்று ஒரு பெரிய திட்டம் வந்தது. வரவை வாங்கியவர்களில் நெட்ஃபிளிக்ஸும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமும் உண்டு. மழை பெய்த இடத்தைத் தேடி ஓடுவது அந்த மக்களின் மேய்ச்சல் முறை. திட்டமோ எந்த மாதம் எந்தப் பகுதி என்று கட்டம் போட்டது. அந்த முறைதான் நிலத்தைக் காத்தது என்பதற்குச் சான்று எங்கே, மக்களிடம் உரியபடி கேட்டீர்களா என்று 2023இல் சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. 2025 ஜனவரியில் இசியோலோ நீதிமன்றம், அந்தப் பகுதியின் காப்பகங்களில் இரண்டு மக்களைக் கேட்காமல் அரசமைப்புக்கு மாறாக அமைக்கப்பட்டவை என்று தீர்ப்பளித்தது. அங்கே சண்டை மண்ணின் கரிமம் எத்தனை டன் என்பதோடு நிற்கவில்லை. மாட்டை எப்போது எங்கே ஓட்டுவது என்ற முடிவு யார் கையில் என்பதில் போய் முடிந்தது. செந்துறையில் அது இன்னும் எளிதாக நடந்துவிடும். கென்யாவின் மேய்ப்பர்களுக்கு நீதிமன்றம் போகிற அளவுக்காவது கூட்டம் இருந்தது. இங்கே ஊருக்கு நான்கைந்து குடும்பம் ஆடு வைத்திருக்கும், அதில் பாதிக்கு நிலம் கிடையாது. கிராம சபையில் எழுந்து நின்று பேச அவர்களுக்கு இடம் கிடைக்குமா என்பதே ஊருக்கு ஊர் வேறுபடும்.

அப்படியானால் மேய்ச்சல் நிலத்தை மீட்க ஆலைகள் எதுவும் செய்ய வேண்டாமா? செய்ய வேண்டும், கடமையாகச் செய்ய வேண்டும். அதற்கான உத்தரவு ஏற்கெனவே இருக்கிறது, நான் சந்தித்தவர்களில் மிகச் சிலருக்கே அது தெரிந்திருந்தது. 2020 ஜனவரி 8ஆம் தேதி காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சுரங்கம் தோண்டி முடித்தவர்கள் அந்த நிலத்திலும், தோண்டியதால் பாழான மற்ற நிலத்திலும் மறுபடி புல் வளர்க்க வேண்டும், தீவனமும் செடிகொடியும் விலங்கும் வாழத் தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இதைக் குத்தகை நிபந்தனையாகவே வைக்க வேண்டும். சில நாட்களில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் அதற்கான குறிப்பாணையை வெளியிட்டது. தீவனம் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். அரியலூர் மாவட்டத்தில் தோண்டி முடித்த சுண்ணாம்புச் சுரங்கங்கள் பச்சை நீர் தேங்கிய பள்ளங்களாக நிற்கின்றன. பள்ளத்தைப் புல்வெளி ஆக்க முடியாது. ஆனால் பள்ளத்தைச் சுற்றிக் கொட்டிய மண்மேட்டிலும், பாதுகாப்புக்கு விட்ட ஓரத்திலும் புல் வளரும். அங்கே வழக்கமாக நடுவது மரக்கன்று, ஏனென்றால் அறிக்கையில் எண்ணிக் காட்ட எளிது. எத்தனை கன்று என்று கேட்பதைவிட, எத்தனை ஆட்டுக்கு எத்தனை மாதம் தீவனம் என்று கேட்டால் அந்த உத்தரவுக்கு உயிர் வரும். சுரங்கம் நடக்கும் மாவட்டங்களில் 2015இல் இருந்து மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது, குத்தகைதாரர்கள் உரிமத்தொகையின் மேல் ஒரு பங்கு அதில் கட்டுகிறார்கள். சுரங்கத்தால் பாதித்த ஊர்களுக்கான பணம் அது. மேய்க்காலை மீட்பதற்கு அதைவிடப் பொருத்தமான பணம் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பணத்தில் மீட்ட நிலத்தின் கரிமத்தை எந்த ஆலையும் தன் பேரேட்டில் வரவு வைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பட்ட கடனை அடைத்ததற்கு வரவு கேட்பது முறையில்லை.

மண்ணின் கரிமத்தை அளக்கவே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அளக்க வேண்டும். 2015இல் இருந்து உழவர்களுக்கு மண்வள அட்டை தருகிறார்கள், அதில் அங்ககக் கரிமத்துக்கு ஒரு கட்டம் உண்டு. பட்டா உள்ளவருக்கு வருகிற அந்த அட்டை மேய்க்கால் சர்வே எண்ணுக்கும் வர வேண்டும், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மேலாக அரையடி மண்ணோடு நிறுத்தாமல் ஓரடி, மூன்றடி என்று எடுத்தால்தான் புல்வேரின் வேலை தெரியும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை எடுத்தால் போதும், அதற்குள் சொல்லும்படியான மாற்றம் வராது. எண் உயர்ந்தால் மேய்ச்சல் சரியாக நடக்கிறது, மழைநீர் இறங்குகிறது, ஏரிக்கு வண்டல் குறைகிறது என்று ஊருக்குத் தெரியும். சந்தைக்கு அனுப்புவதற்காக எடுக்கும் எண்ணுக்கும் ஊர் தன் நிலத்தைத் தெரிந்துகொள்ள எடுக்கும் எண்ணுக்கும் ஆய்வுக்கூடத்தில் வேறுபாடு இல்லை. யாருக்குக் கணக்குச் சொல்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

வேலை என்னவோ தெரிந்த வேலைதான். சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினால் தழைத்துக்கொண்டு வரும், அடிக்கட்டையோடு பறிக்க வேண்டும். ஒரே ஆண்டில் ஊர் முழுக்கப் பறித்தால் அதை நம்பி விறகு வெட்டி, கரி மூட்டம் போட்டுப் பிழைப்பவர்களின் அடுப்பு அணைந்துவிடும், பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும். பறித்த இடத்தில் ஆவணி, புரட்டாசிக்குள் கொழுக்கட்டைப் புல் விதையை மண்ணோடும் சாணத்தோடும் பிசைந்து தூவிவிட்டால் ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும். சரிவான இடத்தில் சமமட்ட வரப்பு போட வேண்டும். ஊரக வேலை உறுதிக்காக 2005இல் வந்த சட்டத்தின் பணிப்பட்டியலிலேயே மேய்ச்சல் நில மேம்பாடு இடம்பெற்றிருந்தது, ஏரி தூர்வாருவதில் காட்டிய அக்கறையில் கால்பங்கை அதில் காட்டியிருந்தால் போதும். மிகக் கடினமான பகுதி அந்தப் பெரியவர் சொன்ன இரண்டு மழைதான். மேய்க்காலை அடைக்கும்போது நிலமுள்ளவரின் மாட்டுக்கு வைக்கோல் இருக்கும், நிலமில்லாதவரின் ஆட்டுக்கு எதுவும் இருக்காது. ஆகவே அடைப்பைப் பற்றிய தீர்மானம் கிராம சபைக்கு வரும்போது, ஆடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். அந்த இரண்டு மழைக்காலத்துக்கு அவர்களுடைய ஆடுகள் எங்கே மேயும், ஏரி உள்வாயா, ஆலையின் வேலிக்குள் சும்மா கிடக்கும் நிலமா, கூலியாகத் தரும் தீவனமா என்பதையும் அதே தீர்மானத்தில், சர்வே எண்ணோடு எழுதிவிட வேண்டும்.